தகவலுக்கு எடை உண்டா?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம். இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவை விளக்கிக் கொண்டிருந்தேன். பகல் உணவுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேருடைய கண் என் மீதும் கருத்து வேறெங்கோவும் இருந்த நேரம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், போன் நிறையப் படமும் பாட்டும் ஏற்றி வைத்தால் போன் கனக்குமா?" என்று கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

நானும் சிரித்திருக்கலாம். சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வது ஆசிரியர்களுக்குக் கைவந்த பழைய வித்தைதான். ஆனால் அன்று, "கனக்காது" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்த சமன்பாடே என்னை மறித்தது. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று தப்பித்துக் கொண்டேன். அந்த 'நாளை' வர மூன்று வாரங்கள் ஆயின. அந்த விடையையும், அது என் வீட்டிலும் நம் நூலகத்திலும் நுழைந்து செய்த கலகத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நிறை வேறு, எடை வேறு என்று வகுப்பில் அடித்துச் சொல்பவன் நான். ஆயினும் இக்கட்டுரையில் கடைத்தெரு வழக்கத்தையொட்டி இரண்டையும் எடை என்றே சொல்லப் போகிறேன். மாணவர்கள் தேர்வில் இவ்வாறு எழுத வேண்டாம்.

முதலில் சோதனை. வேதியியல் துறையில் ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. அத்துறை நண்பரிடம் அனுமதி பெற்று, கேள்வி கேட்ட மாணவியையும் அவள் தோழியர் இருவரையும் அழைத்துக் கொண்டு போனேன். கையில் ஒரு காலியான பென் டிரைவ். தராசு 9.4127 கிராம் காட்டியது. பிறகு அதைக் கணிப்பொறியில் செருகி, இடம் தீரும் வரை பாடல்களை ஏற்றிக் கொண்டு வந்தோம். 9.4125. "குறைந்துவிட்டது சார்!" என்று ஒருத்தி கூவினாள். பத்து நிமிடம் ஆற வைத்து மீண்டும் நிறுத்தோம், 9.4128. "இப்போது ஏறிவிட்டது!" வெதுவெதுப்பாக இருக்கும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேலெழுப்புவதால் தராசு குறைத்துக் காட்டும் என்பதை அங்கேயே விளக்கினேன். நண்பர் ஒன்றும் பேசாமல் பென் டிரைவை ஒரு மெல்லிய தாளால் துடைத்துத் திரும்ப வைத்தார். 9.4121! பாட்டின் எடையைத் தேடப் போன எங்களுக்கு எங்கள் விரல் அழுக்கின் எடை கிடைத்தது.

தராசு கைவிட்ட இடத்தில் கணக்கைத்தான் நாட வேண்டும். கணக்குக்கு முன்னால், எழுதுதல் என்றால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். தாளில் பேனாவால் எழுதினால் மை ஏறுகிறது. தாள் ஒரு துளி கனக்கிறது. கல்லில் வெட்டினால் சில்லுகள் தெறித்துப் போகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் இராசராசன் வெட்டுவித்த ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கல்லின் எடையைக் குறைத்தே பிறந்தது. ஓலையின் கதை இன்னும் வேடிக்கையானது. எழுத்தாணி கீறிச் செல்லும். பின்னர் எழுத்து துலங்குவதற்காக விளக்குக் கரியைப் பூசுவார்கள். ஒரே ஏட்டில் கழித்தலும் கூட்டலும்! 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் புகுத்திய துளை அட்டைகளை எடுத்துக் கொண்டால், ஓர் அட்டையில் எவ்வளவு அதிகமாகத் துளையிட்டோமோ அவ்வளவுக்கு அட்டை இலேசாகிவிடும். ஆகவே, எழுத எழுதக் கனம் கூடும் என்று நாம் இயல்பாக எண்ணிக் கொண்டிருப்பதே தாளும் மையும் நமக்குப் பழக்கிய ஒரு வழக்கம்தான்.

இனிப் பென் டிரைவுக்கு வருவோம். அதன் உள்ளே ஒரு சிலிக்கான் சில். அதில் கோடானுகோடி நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையையும் சுற்றி மின்சாரம் எளிதில் கடக்காத ஆக்சைடுச் சுவர். எளிமையாகச் சொன்னால், சுவரைத் தாண்டி எலெக்ட்ரான்களை உள்ளே அடைத்தால் 0, வெளியே விட்டால் 1. துடைத்தெடுத்த காலிச் சில் என்பது முழுவதும் 1 எழுதிய சிலேட்டே ஆகும். எலெக்ட்ரான்களை அடைத்தால் அவற்றின் எடை கூடாதோ என்று கேட்கலாம். கூடாது. அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. அதே சில்லின் மற்றொரு பகுதியிலிருந்து இடம் மாறியவை. வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டால் வீட்டில் தலை எண்ணிக்கை கூடுமோ?

ஆனால் அடைபட்ட எலெக்ட்ரான், வெளியே இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான ஆற்றலுடன் இருக்கிறது. ஆற்றலுக்கு நிறை உண்டு என்பது 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னது. அன்று வகுப்பில் என்னை மறித்தது இதுவே. கலிஃபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறித் துறைப் பேராசிரியரான ஜான் குபியாடோவிச், 2011-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கேட்டதற்கிணங்க இதற்கொரு கணக்குப் போட்டார். 4 ஜிகாபைட் கொள்ளும் கிண்டில் என்னும் படிப்புக் கருவியை நூல்களால் முழுவதும் நிரப்பினால் அதன் எடை கூடும். எவ்வளவு என்றால், ஒரு கிராமை 100 கோடி பங்கு செய்து, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 100 கோடி பங்கு செய்தால் வரும் ஒரு பங்கு அளவு. ஆக, "கனக்குமா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்பதே விடை. சிரித்த வகுப்பு தோற்றது, கேட்டவள் வென்றாள்.

வென்றாள் என்றாலும் அந்த வெற்றியை அளந்து பார்க்க வேண்டும். 200 கிராம் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து அது ஒரு பாகை சூடேறினால், அந்த வெப்ப ஆற்றலின் எடை, நிரப்பிய நூல்களின் எடையைப் போல் 10 இலட்சம் மடங்குக்கும் மேல். போனுக்கு இரவில் முழுச் சார்ஜ் போட்டால் மின்கலத்தில் ஏறும் ஆற்றலின் எடை ஏறக்குறைய 60 கோடி மடங்கு. ஒரு காதற் கடிதத்தின் எடையை அறிய விரும்புகிறவர், முதலில் அதைப் படிக்கும்போது உள்ளங்கையில் ஏறும் சூட்டின் எடையைக் கழித்தாக வேண்டும்!

ஹார்டு டிஸ்க்கின் நிலை வேறு. அங்கே எலெக்ட்ரான்களை அடைப்பதில்லை. தட்டின் மேற்பூச்சில் உள்ள நுண் காந்தங்கள் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன. திசைக்கு எடையில்லை. அண்டை வீட்டுக் காந்தங்கள் ஒத்து நிற்பதற்கும் முரண்டு நிற்பதற்கும் ஆற்றலில் சிறு வேறுபாடு உண்டு. ஆனால் அது எழுதியதன் வடிவத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததன்று. காலி என்று நாம் அழைக்கும் தட்டிலும் ஒவ்வொரு காந்தமும் ஏதோ ஒரு பக்கம் பார்த்துக் கொண்டுதான் நிற்கிறது. ஒரு கோப்பை 'அழி' என்று ஆணையிட்டால்கூடப் பெரும்பாலும் அழிவது அதன் பெயரும் முகவரியும் மட்டுமே.

இன்னும் ஒரு படி மேலே போய், தாங்கும் பொருள் எதுவாயினும் தகவலுக்கே தனியாக எடை உண்டு என்று சொல்வோரும் உண்டு. 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் லாண்டவர், ஒரு பிட் தகவலை அழிக்கும்போது குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று காட்டினார். எழுதுவதற்கு அன்று, மறப்பதற்கே இயற்கை கூலி கேட்கிறது என்பது விந்தை. பிரான்சின் லியோன் நகரில் 2012-இல் அதைச் சோதனை வழியாகவும் அளந்தார்கள். இதை அடிப்படையாகக் கொண்டு, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்வின் வாப்சன் 2019-இல், சேமித்த ஒவ்வொரு பிட்டுக்கும் தனக்கென நிறை உண்டு என்றொரு கருதுகோளை வெளியிட்டார். அவர் கணக்கை ஒப்புக்கொண்டால் ஒரு டெராபைட் தகவலின் எடை சுமார் 150 ஹைட்ரஜன் அணுக்களின் எடை. இதை எந்தச் சோதனையும் இன்னும் மெய்ப்பிக்கவில்லை.

நான் இதை ஏற்பவன் அல்லேன். அழிக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது என்பதிலிருந்து, அது அழியும்வரை எடையாக உள்ளே குடியிருந்தது என்று சொல்லிவிட முடியாது. என் கருத்தில் தகவல் என்பது ஒரு பொருளன்று. பொருள் நிற்கும் ஒழுங்கு. ஒரு கைப்பிடி அரிசி மாவைக் குவித்து வைத்தாலும் சரி, அதையே வாசலில் தேர்க் கோலமாக இட்டாலும் சரி, மாவின் எடை ஒன்றே. கோலம் மாவில்லாமல் நிற்காது. ஆனால் கோலம் மாவன்று. மாடு மிதித்துப் போன பின்னும் மாவு அங்கேயே கிடக்கும். கோலத்தைத்தான் காணோம்.

மூன்று வாரம் கழித்து இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினேன். அன்றிரவுதான் உறுத்தத் தொடங்கியது.

என் தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஊரில் அவருக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம் இருந்தது. வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானியை நட்டு வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழையளவைக் குறித்து வைப்பார். 1969 முதல் 1999 வரை, ஆண்டுக்கொன்றாக 31 குறிப்பேடுகள். மழை மட்டுமன்று, கிணற்றில் நீர் எத்தனை முழம், எந்த வயலில் என்ன நெல், யார் வீட்டுக் கூரை பறந்தது என்பதெல்லாம் ஓரத்தில் இருக்கும். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் புயல் கரை கடந்து, திருச்சி நகரம் வெள்ளத்தில் மிதந்த அந்த நாட்களுக்கு மட்டும் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்.

அவர் மறைந்த பின் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. நான் என்ன, படிக்காதவனா? எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்தேன். ஒரு ஹார்டு டிஸ்க்கில் வரிசையாக அடுக்கினேன். ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்த வேலைதான். பிறகு குறிப்பேடுகளை எடைக்குப் போட்டேன். 9 கிலோ 200 கிராம். கிலோ 12 ரூபாய். கடைக்காரர் 110 ரூபாய் கொடுத்தார். "இனி இதற்கு எடையே இல்லை, சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போகலாம்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அவர், "ஒன்றையாவது வைத்துக் கொள்ளுங்களேன்" என்றார். நான் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் டிஸ்க்கைக் கணிப்பொறியில் செருகியபோது உள்ளே டிக், டிக் என்று ஓர் ஓசை. அவ்வளவே. பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்து, படிக்கும் ஊசி தட்டைச் சுரண்டிவிட்டது என்றார். படமெடுத்த பழைய போனை அதற்குள் கடையில் கொடுத்துப் புதியது வாங்கியிருந்தேன். இரண்டாம் படி எடுத்து வைக்காதது என் குற்றம். வேறு யாரையும் நான் நோகவில்லை.

வகுப்பில் விடை சொன்ன மறுநாள், அந்தச் செத்த டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். அதே கனம். மாவு இருக்கிறது, கோலம் இல்லை. அதில் எதுவுமே இல்லை என்று எந்தத் தராசாலும் சொல்ல முடியாது. அலமாரியில் 31 குறிப்பேடுகளுள் பத்தைக் கறையான் தின்றிருந்தால், தூக்கும்போதே கை சொல்லியிருக்கும். பார்க்கும்போதே கண் சொல்லியிருக்கும். எடையுள்ள பொருளின் அழிவு நமக்குத் தெரிகிறது. எடையில்லாததன் அழிவோ, நாம் தேடிப்போகும் நாள்வரை தெரிவதில்லை. பென் டிரைவிலும் இதே கதைதான். மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பறையில் போட்டு வைத்தால், அடைபட்ட எலெக்ட்ரான்கள் சுவரின் வழியே ஒவ்வொன்றாகக் கசிந்து வெளியேறும். ஓசையும் இல்லை, நாற்றமும் இல்லை.

'எடையில்லை' என்ற சொல்லின் மீது எனக்குச் சினம் வந்தது அப்போதுதான். இச்சொல் இன்று விளம்பரமாகிவிட்டது. எல்லாவற்றையும் 'மேகத்தில்' போட்டு வைக்கலாம் என்கிறார்கள். நல்ல பெயர்தான், ஆனால் வானத்து மேகத்துக்கே எடை உண்டு. ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் நீர்த்துளி என்று வைத்துக் கொண்டால், ஒரு கிலோமீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள மேகம் 500 டன் நீரைச் சுமக்கிறது. கணிப்பொறி மேகமோ, அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய பெரிய கட்டடங்களாக நிற்கிறது; உள்ளே இரவும் பகலும் சுழலும் குளிரூட்டிகள்.

தாங்கும் பொருள் இளைத்துவிட்டது என்பது உண்மையே. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணிப்பொறியின் தட்டுச் சேமிப்பகம் ஒரு டன்னுக்கு மேல் எடை, 50 தட்டுகள், கொண்ட எழுத்துகளோ 50 இலட்சம்தான். இன்று விரல் நுனியில் ஒட்டிக் கொள்ளும் அட்டை, அரை கிராம்கூட இல்லாதது, அதைப் போல் இலட்சம் மடங்குக்கு மேல் கொள்கிறது. ஆனால் பொருள் இளைத்ததே தவிரச் சுமை இளைக்கவில்லை. அது நம் கண்ணுக்குத் தெரியாத வேறிடத்துக்குப் போயிற்று. உலகத்துத் தரவு மையங்கள் 2024-இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவழித்ததாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. சேமிப்பதற்கு மட்டுமன்று, கணக்கிடுவதற்கும் சேர்த்து. இந்த மின்சாரம் முழுவதையும் ஐன்ஸ்டைன் தராசில் நிறுத்தால் 16½ கிலோ. நம் வீட்டுச் சமையல் உருளைக்குள் இருக்கும் 14.2 கிலோ வாயுவைவிடச் சற்றே கூடுதல். ஆனால் அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது என்பதை நினைவில் வைத்துக் கொண்டு அந்த 41,500 கோடியை மறுபடியும் பாருங்கள். எந்த எடையை எண்ண வேண்டும் என்பது தெரியும்.

இதையெல்லாம் ஏன் கல்லூரி மலரில் எழுதுகிறேன் என்றால், காரணம் நம் நூலகத்தில் இருக்கிறது. பழைய ஆண்டு மலர்களையும் கட்டடம் செய்த பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்து ஒரு டிஸ்க்கில் அடக்கிவிட்டு, தாள்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நூலகக் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. யோசனை சொன்னவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள். இடநெருக்கடி மெய், மாணவர்கள் உட்கார்ந்து படிக்க நாற்காலி போட இடமில்லை. தாளுக்கும் ஆயுள் குறைவு. 1972-ஆம் ஆண்டு மலரை மழைநீர் தின்றுவிட்டது. 1981 மலரில் முதல் எட்டுப் பக்கம் இல்லை. ஸ்கேன் செய்வதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். இன்னும் முன்னரே செய்திருக்க வேண்டும்.

நான் மறுப்பது இரண்டாம் பாதியை. கூட்டத்தில் ஒருவர், "தகவலுக்குத்தான் எடையில்லையே சார், பிறகு இந்த மூட்டை எதற்கு?" என்று என்னிடமே கேட்டார். என் வகுப்புச் செய்தி அதற்குள் ஆசிரியர் அறை வரை போயிருந்தது போலும்! எடையில்லாததால்தான் மூட்டை வேண்டும் என்றேன். படி எடுப்பது மூலத்துக்குத் துணை சேர்ப்பதற்கு. மூலத்தை வழியனுப்புவதற்கு அன்று. படிகள் மூன்றாவது வேண்டும். ஒன்று கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதம் அவற்றைத் திறந்து பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். 'துறை பார்த்துக் கொள்ளும்' என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். தாளில் ஒரு தொகுதியேனும் இரும்பு அலமாரியில் இருக்க வேண்டும். அலமாரிக்கு ஆகும் செலவில் பாதியை ஏற்க ஆசிரியர்கள் சிலர் முன்வந்துள்ளோம். குழுவில் இருவர் என் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம், முதல்வர் இன்னும் வாய் திறக்கவில்லை.

அந்த மாணவி இப்போது மூன்றாம் ஆண்டு. செயல்திட்டத்துக்கு எங்கள் வட்டாரத்து மழையளவை எடுத்துக் கொண்டிருக்கிறாள். "1977-க்கு உங்கள் அப்பா எழுதியது இருந்தால் நன்றாக இருந்திருக்கும் சார்" என்றாள். இருந்திருக்கும்தான்.

குழுவின் அடுத்த கூட்டம் தேர்வுக்குப் பிறகு. மலர்கள் நான்கு கட்டுகளாகக் கட்டப்பட்டு நூலக வாயிலின் இடப்பக்கம் கிடக்கின்றன. பார்க்க விரும்பும் மாணவர்கள் உதவி நூலகரிடம் கேட்டால் அவிழ்த்துத் தருவார்.